பிள்ளைகளைத் தலைநகருக்கு அழைத்து வாருங்கள்



சென்ற ஆண்டு ஒரு செம்பனைத் தோட்டத்துக் கிளைக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். கூட்டம் முடிந்து, தோழர் ஒருவரின் வீட்டு வாசலில் உட்கார்ந்து தே ஓ குடித்துக்கொண்டிருந்த போது, நான்காம் ஆண்டு படிக்கும் அவருடைய மகன் ஒரு படத்தைக் கொண்டு வந்து காட்டினான். பள்ளியில் 'விடுமுறையில் நான் சென்ற இடம்' என்று கட்டுரை எழுதி, படமும் வரையச் சொன்னார்களாம். பையன் இரட்டைக் கோபுரத்தை வரைந்திருந்தான். நன்றாகவே வரைந்திருந்தான். ஆனால், இரண்டு கோபுரங்களையும் இணைக்கும் பாலத்தை உச்சியில் கொண்டுபோய் வைத்திருந்தான்.

"எப்பப்பா போனே?" என்று கேட்டேன்.

"போகல மாமா. மத்தவங்க சொன்னத வச்சு வரைஞ்சேன்" என்றான்.

அந்தத் தோட்டத்திலிருந்து கோலாலம்பூர் இரண்டு மணி நேரப் பயணம்தான். நான் அப்பனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். "லீவு ஏதண்ணே? அதைத்தான் காசா வாங்கிட்டேனே" என்றார்.

இங்கேதான் சங்கக்காரன் வாய் திறக்க வேண்டியிருக்கிறது. சுற்றுலாக் கட்டுரையில் சட்டம் எதற்கு என்று சலித்துக்கொள்ள வேண்டாம். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 8 நாள், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் இருப்பவருக்கு 12 நாள், ஐந்து ஆண்டைத் தாண்டியவருக்கு 16 நாள் சம்பளத்தோடு கூடிய விடுப்பு உண்டு. பொது விடுமுறைகள் இதில் சேராது. "நான் குலைக்கு இவ்வளவு என்று வெட்டுகிறவன், எனக்கு ஏது லீவுச் சம்பளம்?" என்று கேட்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். உண்டு தோழரே! முந்தைய மாதம் நீங்கள் சம்பாதித்ததை வேலை செய்த நாட்களால் வகுத்து, அந்தக் கணக்கில் கொடுக்க வேண்டும். இன்னொன்று: விடுப்புக்குப் பதில் காசு என்பது, முதலாளி கேட்டு, நீங்கள் எழுத்து மூலம் சம்மதித்தால்தான். ஆபீசில் பாரத்தை நீட்டினால் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வராதீர்கள். அந்தப் பதினாறு நாளில் நான்கு நாளையாவது பிள்ளைகளுக்கென்று ஒதுக்கி வையுங்கள். பள்ளி விடுமுறையை முன்கூட்டியே பார்த்து, கிராணியாரிடம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கடைசி நேரத்தில் போய் நின்றால் 'ஆள் பற்றாது' என்ற பதில்தான் வரும்.

கடைசியில் அந்தத் தோழரும் இன்னும் இரண்டு குடும்பங்களும் புறப்பட்டார்கள். பதினொரு பிள்ளைகள். நானும் கூடப் போனேன். அந்த அனுபவத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம்மவர்கள் கோலாலம்பூர் என்றாலே முதலில் நினைப்பது பத்துமலைதான். நானும் அப்படித்தான் வந்தேன். தோட்டப்பள்ளியில் படித்தவன், பால்மரம் வெட்டியவளின் மகன். தைப்பூசத்துக்கு லோரியில் ஏறி வந்து, கூட்டத்தில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, பிறர் முதுகைத் தவிர ஒன்றும் பார்க்காமல் திரும்பியவன். ஆகவே சொல்கிறேன், பிள்ளைகளோடு பார்ப்பதென்றால் தைப்பூசம் அல்லாத நாளில், காலையில் ஏழு மணிக்கே போய்விடுங்கள். வெயில் ஏறிவிட்டால் 272 படிகளும் சின்னக் கால்களுக்குக் கஷ்டம். 2018-ல் அந்தப் படிகளுக்கு வண்ணம் பூசினார்கள். பிள்ளைகள் நிறத்தைச் சொல்லிச் சொல்லியே ஏறிவிடுகிறார்கள். அடிவாரத்தில் 2006-ல் திறந்து வைக்கப்பட்ட 140 அடி முருகன் சிலை. கோயிலைத் தொடங்கியவர் தம்புசாமிப் பிள்ளை. குகையில் முதல் தைப்பூசம் 1892-ல் நடந்தது. குரங்குகளிடம் மட்டும் எச்சரிக்கை தேவை. தீனிப் பையைக் கையில் ஆட்டிக்கொண்டு போன எங்கள் குழுவின் அம்மா ஒருவர், படி பாதி ஏறுவதற்குள் வெறுங்கையாகிவிட்டார். பிள்ளைகளுக்குக் குகையைவிட அதுதான் பெரிய வேடிக்கை!

வாகனம் தேட வேண்டியதில்லை. 2010 முதல் கம்யூட்டர் ரயில் பத்துமலை வாசலுக்கே வருகிறது. அதே ரயிலில் ஏறினால் கே.எல். சென்ட்ரல். இறங்கி வெளியே வந்தால் பிரிக்பீல்ட்ஸ்.

பிரிக்பீல்ட்ஸைச் சாப்பாட்டுக்கும் சேலைக்கும் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. பேரைப் பாருங்கள், செங்கல் சூளைகள் இருந்த இடம். 1881-ல் தீயும் வெள்ளமும் அன்றைய அத்தாப்புக் கொட்டகை ஊரை அழித்த பிறகு, கோலாலம்பூரைச் செங்கல்லால் கட்டினார்கள். அதற்குக் கல் சுட்ட பூமி இது. பிறகு ரயில்வேத் தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் வாழ்ந்த ஊர். நம் லயத்தின் ஒன்றுவிட்ட சகோதரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வரிசை வீடுகள் இப்போது இல்லை. 2010-ல் இதை 'லிட்டில் இந்தியா' என்று அறிவித்து, வளைவுகளும் யானைகள் நிற்கும் நீரூற்றும் அமைத்தார்கள். பிள்ளைகள் யானைகளைத் தொட்டுப் பார்க்கட்டும். பெரியவர்கள் சாலைப் பெயர்ப் பலகையை நிமிர்ந்து பாருங்கள்.

துன் சம்பந்தன் சாலை. யார் அவர் என்று எங்கள் பதினொரு பிள்ளைகளிடமும் கேட்டேன். ஒரு பெண் மட்டும் "மந்திரி" என்றாள். மந்திரிதான். ஆனால், வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்று, நம் பாட்டன்மார் மூட்டை முடிச்சோடு தெருவில் நின்ற காலத்தில், மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்து நாமே தோட்டம் வாங்கலாம் என்று தோட்டம் தோட்டமாகப் போய்ச் சொன்ன மனிதர் அவர். 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். இதைப் பலகையின் கீழே நின்று சொன்னபோது, ஒரு பையன், "நம்ம தாத்தாவும் பத்து வெள்ளி கட்டினாரா?" என்று அப்பனைக் கேட்டான். அப்பனுக்குத் தெரியவில்லை. அன்றிரவே வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டார், கட்டியிருக்கிறார். தாத்தாவின் பழைய தகரப் பெட்டியில் ரசீது இருக்கிறதாம்.

மத்தியானம் வாழை இலைச் சாப்பாடு முடித்துத் தேசிய அரும்பொருளகம். 1963 ஆகஸ்ட் 31-ல் திறக்கப்பட்ட கட்டடம். முகப்புச் சுவரில் நாட்டின் வரலாற்றைப் பெரிய சித்திரமாகப் பதித்திருக்கிறார்கள். கே.எல். சென்ட்ரலிலிருந்து நடந்தே போகலாம். உள்ளே நான்கு கூடங்கள். நேரம் இல்லையென்றால் காலனி ஆட்சிக் காலக் கூடத்துக்கு நேராகப் போய்விடுங்கள், ஈயமும் ரப்பரும் இந்த நாட்டுக்குள் எப்படி வந்தன என்பது அங்கேதான். நம் பிள்ளைகள் பலருக்கு ரப்பர் மரத்தைச் செம்பனைக்கு முந்திய கதையாகத்தான் தெரியும். வெளியே நிற்கும் நீராவி எஞ்சினை விட்டு அவர்களைப் பிரிப்பதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிட்டது.

அதற்குப் பின்னால்தான் ஏரிப் பூங்கா. 1880-களில் போட்டது; இப்போது பெர்டானா தாவரவியல் பூங்கா என்கிறார்கள். ஓட இடம், நிழல், விளையாட்டுச் சாதனங்கள், சருகுமான்கள் உள்ள மான் பூங்கா எல்லாம் உண்டு. பக்கத்தில் பறவைப் பூங்காவும் இருக்கிறது. நல்ல இடம்தான், ஆனால் பெரிய குடும்பத்துக்குக் கை கடிக்கும்.

கை கடிப்பது பற்றி ஒரு வார்த்தை. பேரங்காடி ஒன்றின் உள்ளே இருக்கும் விளையாட்டு உலகத்துக்கு ஒரு தோழர் ஆசைப்பட்டுப் பிள்ளைகளைக் கூட்டிப் போனார். பெயர் வேண்டாம். கட்டணப் பலகையைப் பார்த்தார். பையிலிருந்ததை எண்ணினார். மறுபடியும் எண்ணினார். நான்கு பிள்ளைகள். பிறகு, "இன்னிக்கு உள்ள ரிப்பேராம்டா" என்று சொல்லித் திருப்பிக்கொண்டு வந்தார். அவருடைய மூத்த மகளுக்குப் பதின்மூன்று வயது, பலகையைப் படிக்கத் தெரிந்தவள். "ஆமாம்பா, ரிப்பேர்தான் போல" என்று தம்பிகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். எனக்குப் பேச வாய் வரவில்லை. அதனால்தான் சொல்கிறேன், கிளம்பும் முன் யாரையாவது கேட்டு விலையைத் தெரிந்துகொள்ளுங்கள். அடையாள அட்டையையும் பிள்ளைகளின் மைகிட் அட்டையையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்; பல இடங்களில் உள்நாட்டவருக்குக் கட்டணம் குறைவு.

விலங்கியல் பூங்காவும் 1963-ல் திறந்ததுதான், உலு கிள்ளானில் 110 ஏக்கர். ஒரு முழு நாள் வேண்டும். பாண்டா பார்க்கலாம் என்று பிள்ளைகளிடம் ஆசை காட்டிவிடாதீர்கள், விசாரித்துவிட்டுச் சொல்லுங்கள். 2014-ல் சீனாவிலிருந்து வந்த ஜோடி 2025-ல் திரும்பிப் போய்விட்டது.

இரட்டைக் கோபுரத்துக்குப் பொழுது சாயும் நேரத்தில் போனோம். 88 மாடி, 452 மீட்டர். இன்று 118 மாடி மெர்டேக்கா கோபுரம் அதைவிட உயரம், இருந்தாலும் பிள்ளைகளுக்கு இதுதான் கோபுரம். மேலே ஏற டிக்கெட் வாங்க வேண்டும், நாங்கள் ஏறவில்லை. கீழே ஐம்பது ஏக்கர் பூங்கா இருக்கிறது, பிள்ளைகள் கால் நனைக்கக் குளம் இருக்கிறது, இருட்டியதும் விளக்கோடு ஆடும் நீரூற்று இருக்கிறது, எல்லாம் இலவசம். ஆனால், நம் தோழர்கள் புல்வெளி ஓரத்திலேயே நின்றார்கள். சிலிப்பர் போட்டுக்கொண்டு வந்தோமே, காவலாளி பார்க்கிறானே என்ற தயக்கம். "உக்காருங்க, நம்ம ஊர் பார்க்குதான்" என்று நானே முதலில் உட்கார்ந்தேன். படம் வரைந்த பையன் மட்டும் உட்காரவில்லை. தலையை அண்ணாந்து நின்றான். "மாமா, பாலம் நடுவுலல்ல இருக்கு!" என்றான். 41, 42-ஆம் மாடிகளில். இரண்டு முறை எண்ணிப் பார்த்தான், முப்பதுக்கு மேல் எண்ணிக்கை தவறிவிட்டது.

மறுநாள் கிள்ளான். இந்தத் தண்டவாளத்துக்கு வயது அதிகம். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் 1886-லேயே ரயில் ஓடியது. கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் பூக்கடை, பலகாரக்கடை, துணிக்கடை எல்லாம் பிரிக்பீல்ட்ஸைவிடக் கைக்கு அடக்கமான விலை என்பது என் அபிப்பிராயம். அங்கே பசியாறிவிட்டு, மறுபடியும் ரயில் ஏறிக் கடைசி நிலையமான கிள்ளான் துறைமுகத்தில் இறங்கினால், சற்று நடந்ததும் படகுத்துறை. அங்கிருந்து புலாவ் கெத்தாம், அதாவது நண்டுத் தீவு. சீன மீனவர்கள் சேற்றின் மேல் கால் நட்டுக் கட்டிய ஊர். கார் கிடையாது. பாதையெல்லாம் பலகையும் சிமெண்டும். எல்லாரும் சைக்கிளில் போகிறார்கள். வாடகைக்குச் சைக்கிள் கிடைக்கும். எங்கள் பதினொரு பிள்ளைகளும் கடல் பார்த்த மகிழ்ச்சியைவிடச் சைக்கிள் மகிழ்ச்சியில்தான் கத்தினார்கள்.

அப்போது எனக்கு 1941 நினைவுக்கு வந்தது. கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம்மவர்கள் வேலைநிறுத்தம் செய்த ஆண்டு. சீனத் தொழிலாளிக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குப் படிப்பு என்று வரிசையாகக் கேட்ட கோரிக்கைகளில் ஒன்று, வெள்ளைத் துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்பது. தலைவர் ஆர்.எச். நாதன், 'தமிழ் நேசன்' பத்திரிகையில் பணியாற்றியவர். மே மாதம் அவரைக் கைது செய்தார்கள், வேலைநிறுத்தம் சிலாங்கூர் முழுவதும் பரவியது, பட்டாளம் வந்தது, சுட்டார்கள். ஐந்து தொழிலாளர்கள் மாண்டார்கள். நாதனை நாடு கடத்தினார்கள்.

படகுத்துறைக்குத் திரும்பும் வழியில் இதைப் பெரிய பிள்ளைகளுக்குச் சொன்னேன். "எதுக்கு இறங்கணும்?" என்று அந்தப் பதின்மூன்று வயதுப் பெண் கேட்டாள். கேட்டுக்கொண்டே மிதித்தாள். அவள் அப்பா முன்னால் போய்க்கொண்டிருந்தார், பின்சீட்டில் கடைசிப் பையன், வேகமாக, மணியடித்துக்கொண்டு. கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று தீவில் இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் கேட்கவில்லை, சைக்கிளைக் கடையில் போட்டுவிட்டு ஓடிப்போய்த்தான் ஏறினோம்.