கிரானைட் மேடையில் கதிர்வீச்சா? ஸ்வீடனின் ‘நீல கான்கிரீட்’ கதை தெரியுமா?

சமையலறைக்கு ஆசையாக கிரானைட் மேடை போட்ட கையோடு, ‘கிரானைட்டில் கதிர்வீச்சு இருக்கிறது, கேன்சர் வரும்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஃபார்வேர்டு வந்து விழும். போட்ட கல்லைப் பெயர்த்துவிடலாமா என்று வீட்டில் பஞ்சாயத்தே நடக்கும்.

கதிர்வீச்சு இருப்பது உண்மைதான். பாறை உருவானபோதே யுரேனியம், தோரியம், பொட்டாசியம்-40 ஆகியவை அதில் கலந்துவிட்டன. செங்கல், சிமென்ட், மணல், ஜல்லி என எல்லாவற்றிலும் இவை கொஞ்சம் உண்டு. பொட்டாசியம்-40 நம் உடம்பிலேயே இருக்கிறது! கிரானைட்டில் சற்று அதிகம். அதிலும் கறுப்புக் கல்லைவிட சிவப்பு, இளஞ்சிவப்புக் கற்களில் பொதுவாகக் கூடுதல். ஆனால், ஒரு மேடைக் கல்லில் இருந்து வரும் அளவுக்குப் பயப்படத் தேவையில்லை.

கவனிக்க வேண்டியது ரேடான் என்ற வாயுவை. யுரேனியம் படிப்படியாகச் சிதையும்போது உருவாகும் இதற்கு நிறமோ மணமோ கிடையாது. மூச்சோடு நுரையீரலுக்குள் போய்விடும். நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைப்பழக்கத்துக்கு அடுத்த முக்கியக் காரணம் இதுதான் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இதை அனுபவத்தில் உணர்ந்த நாடு ஸ்வீடன். அங்கே 1929 முதல் 1975 வரை, யுரேனியம் கலந்த ஒருவகைக் களிப்பாறையிலிருந்து லேசான கான்கிரீட் தயாரித்தார்கள். நீலச் சாயல் இருந்ததால் ‘நீல கான்கிரீட்’ என்று பெயர். விலை மலிவு, குளிரையும் தாங்கும். லட்சக்கணக்கான வீடுகளின் சுவர் அதில்தான் எழுந்தது.

1973-ல் எண்ணெய் விலை எகிறியது. வீட்டைச் சூடாக்கும் செலவை மிச்சம் பிடிக்க, ஜன்னல் இடுக்குகளை எல்லாம் அடைத்தார்கள். சுவரிலிருந்து கசிந்த ரேடான் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கியது. மிச்சம் பிடித்தது பணத்தை, சேர்த்தது ரேடானை! அந்த வீடுகள் பலவற்றில் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். காற்றோட்டத்தைச் சரிசெய்ததில் பிரச்னை பெருமளவு குறைந்தது.

பெரும்பாலான வீடுகளில் ரேடான் நுழைவது சுவர் வழியாக அல்ல, அடியிலுள்ள மண்ணிலிருந்து. அதனால் தரைத்தள வீடுகளில் தரை விரிசல்களைப் பூசிவிடுவது நல்லது. ஏசி ஓடுகிறது என்று இரவும் பகலும் பூட்டியே வைக்கும் படுக்கையறை ஜன்னல்களைத் தினமும் கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள்.

இன்னொரு விஷயம். ரேடானால் வரும் ஆபத்து, புகைபிடிக்காதவர்களைவிட புகைபிடிப்பவர்களுக்கு சுமார் 25 மடங்கு அதிகம். கல்லைப் பெயர்க்கச் சொல்பவர் கையில் சிகரெட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.