கார்க்கியின் பாட்டி

ருஷ்ய மொழியில் 'கார்க்கி' என்றால் கசப்பு. அலெக்ஸி பெஷ்கோவ் என்ற இளைஞர், 1892-ல் தம் முதல் கதை அச்சேறியபோது, தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட பெயர் அது. அவருடைய 'தாய்' நாவலை அறியாத தோழர் நம்மிடையே அரிது. தொ. மு. சி. ரகுநாதனின் தமிழில் அதைப் படித்து உறக்கம் இழந்தவர்கள் எத்தனையோ பேர்! ஆனால், 'தாய்' எழுதிய அந்தக் கையைப் பிடித்து நடக்கப் பழக்கியவள் தாய் அல்ல, ஒரு பாட்டி.

அகுலினா இவானோவ்னா என்பது அவள் பெயர். அவளைப் பெற்றவள் ஒரு பண்ணையடிமை. சரிகைப் பின்னலில் பேர் போன கைக்காரி. எஜமானனுக்கு அஞ்சி இரவில் சன்னல் வழியே குதித்தாள். வலக்கை சூம்பிப் போயிற்று. கை போனபின் அடிமை எதற்கு? 'விடுதலை' கொடுத்து விரட்டிவிட்டார்கள். தாயும் மகளும் பிச்சை எடுத்தார்கள். தாய் கையேந்துவதைப் பார்க்கப் பொறுக்காமல், பத்து வயதுகூட நிறையாத அகுலினா பின்னல் வேலையைக் கற்கத் தொடங்கி, பின்னர் அதில் தேர்ந்தாள். பள்ளிக்கூட வாசலை மிதித்தவள் அல்ல. ஆனால் ஆயிரம் கதையும் பாட்டும் அவள் நாவில் இருந்தன.

1871-ல் அஸ்திரகான் நகரில் காலரா கார்க்கியின் தந்தையைக் கொண்டு போயிற்று. மூன்று வயதுப் பேரனோடும் விதவை மகளோடும் பாட்டி வால்கா நதியில் கப்பலேறினாள். வழியெல்லாம் பேரனுக்குக் கதை. கப்பல் தொழிலாளிகளும் வந்து குந்திக்கொண்டு, இன்னொன்று சொல் பாட்டி என்று கெஞ்சினார்களாம்!

நிழ்னி நொவ்கொரோத்தில் தாத்தாவின் வீடு. அவரும் ஒரு காலத்தில் வால்கா கரையில் தோளில் கயிறு கட்டிப் படகு இழுத்தவர்தான். பின்னர் சாயப்பட்டறை முதலாளி ஆனார். முதலாளி ஆனதும் தோள் தழும்பு மறந்துபோவது ருஷ்யாவில் மட்டுமா நடக்கிறது?

ஓரிரவு பட்டறையில் தீப்பிடித்தது. ஆண்கள் அலறினார்கள், அங்குமிங்கும் ஓடினார்கள். பாட்டி தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு நெருப்புக்குள் பாய்ந்தாள். உள்ளே கந்தகத் திராவகம் இருக்கிறது, வெடித்தால் எல்லாம் போய்விடும் என்று அவளுக்குத்தான் நினைவு வந்தது. வாளியளவு பெரிய புட்டியைக் கட்டி அணைத்தபடி புகையோடு புகையாக வெளியே வந்தாள். அதற்குப் பின் செய்ததைத்தான் ஊழியர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். கூடிய அண்டை வீட்டாரிடம் எங்களைக் காப்பாற்றுங்கள் என்று அவள் ஒப்பாரி வைக்கவில்லை. குனிந்து வணங்கி, இந்தத் தீ அடுத்து உங்கள் கூரைக்குத் தாவும், கூரையை வெட்டித் தள்ளுங்கள், வைக்கோலை அப்புறப்படுத்துங்கள் என்று வேலையைப் பங்கிட்டுக் கொடுத்தாள். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் தீயணைக்கும் படை ஆயிற்று! மேடையேறிப் பேசும் நம்மில் எத்தனை பேருக்கு இது கைவந்திருக்கிறது? அதே இரவில் மருமகளுக்குப் பிரசவ வலி. வெந்த கைகளோடு பாட்டி அங்கேயும் நின்றாள்.

பிறகு சொத்து கரைந்தது. தாத்தா குடித்தனத்தையே இரண்டாகப் பிரித்தார்: ஒருநாள் அவர் காசில் சாப்பாடு, மறுநாள் பாட்டியின் காசில். தேநீருக்குப் போடும் இலையைக்கூட உள்ளங்கையில் பரப்பி எண்ணிப் பார்ப்பாராம்! கிழவி மீண்டும் பின்னல் ஊசியை எடுத்தாள். பேரன் தெருத்தெருவாக எலும்பும் கந்தலும் ஆணியும் பொறுக்கி விற்றுக் காசைக் கொண்டுவந்து கொடுத்தான். அந்தச் செப்புக் காசுகளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபடி அவள் ஓசையில்லாமல் அழுததை அவன் ஒளிந்திருந்து கண்டான். உழைப்பின் கூலி என்ன விலை என்பதை இதைவிட எந்தப் பொருளாதார நூல் சொல்லித் தரும்?

இத்தனை இருந்தும், பாட்டியிடம் உள்ள எல்லாமே கார்க்கிக்கு ஏற்புடையதாக இல்லை. தாத்தா அவளை அடிப்பார். ஒரு முறை கொண்டை ஊசி தலைத்தோலில் இறங்கிவிட்டது. அதைப் பிடுங்கியவன் பேரன். யாரிடமும் சொல்லாதே என்றாள் அவள். பொறுத்துக்கொள் என்பதுதான் அவள் எவருக்கும் தந்த மருந்து. பேரன் பொறுக்கவில்லை. தாத்தாவின் புனிதர் படங்களைக் கத்தரித்துப் போட்டுப் பழி தீர்த்தான். பொறுமை என்ற குணத்துக்குத் தாம் ஏற்றவரல்ல என்று பின்னாளில் கார்க்கி ஒளிக்காமல் எழுதினார். பாட்டியின் அன்பும் துணிவும் அவருக்கு வேண்டும். அடங்கிப்போகும் குணம் வேண்டாம். இதை நன்றிகேடு என்று எவன் சொல்வான்? உயிருக்குயிரான பெரியவர்களிடமும் கொள்ள வேண்டியதைக் கொண்டு, தள்ள வேண்டியதைத் தள்ளத்தான் வேண்டும்.

1887-ல் கார்க்கி காஸான் நகரில் ரொட்டிக் கடைத் தொழிலாளி. அங்கே ஒரு கடிதம் வந்தது. மாதா கோயில் வாசலில் பிச்சை எடுத்துக்கொண்டிருந்த பாட்டி விழுந்து காலை முறித்துக்கொண்டாள், எட்டாம் நாள் கால் அழுகத் தொடங்கியது, இறந்துவிட்டாள். அடக்கம் செய்து ஏழு வாரம் கழித்து வந்த கடிதம் அது! திடகாத்திரமான பேரப்பிள்ளைகள் அவள் கொண்டுவந்த பிச்சையில் உண்டு வாழ்ந்தார்கள் என்பதும், அவர்களில் ஒருவருக்கும் வைத்தியரை அழைக்கத் தோன்றவில்லை என்பதும் பின்னால்தான் கார்க்கிக்குத் தெரிந்தது.

அவர் அழவில்லை. இரவில் விறகுக் குவியல்மேல் உட்கார்ந்து, பாட்டியைப் பற்றி யாரிடமாவது சொல்ல வேண்டுமென்று தவித்தார். கேட்க ஆளில்லை. மகனைப் பறிகொடுத்த வண்டிக்காரன் தன் துயரத்தைக் குதிரையிடம் சொல்லும் செகாவின் கதையைப் பல ஆண்டுகளுக்குப் பின் படித்தபோது, தமக்கு அன்று ஒரு குதிரைகூட இல்லையே, ஒரு நாய்கூட இல்லையே என்று வருந்தினார். ரொட்டிக் கடையில் எலிகள் நிறைய இருந்தன. அவற்றோடு அவருக்கு நல்ல உறவுதான். அவற்றிடமாவது சொல்லியிருக்கலாம் என்று அன்று தோன்றாமல் போயிற்றாம்.