உஷார்! சொந்தக்காரர் குரூப்பில் வரும் அந்த ஆடியோ

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் கைக்குழந்தை வைத்திருக்கிறீர்களா? ஒன்பது மாதத்தில் போடும் தட்டம்மை-ருபெல்லா ஊசி நெருங்கும்போது கவனமாக இருங்கள். சொந்தக்காரர் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ஆடியோ வந்து விழலாம். "ஏனுங்க, அந்த ஊசியப் போட்றாதீங்க, வெளிநாட்டுல தடை பண்ணுன மருந்துங்க!" பேசுகிறவர் யார், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. ஆனால் அதை அனுப்பியவர் உங்கள் சித்தப்பா. ஆபத்தே அங்கேதான் இருக்கிறது.

இது கற்பனை பயம் அல்ல. 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ருபெல்லா ஊசி முகாம் தமிழகத்தில் தொடங்கியது. ஒன்பது மாதம் முதல் 15 வயது வரை, சுமார் 1.76 கோடி பிள்ளைகளுக்குப் போட வேண்டும். வாட்ஸ்அப் வதந்தி முகாமை முந்திக்கொண்டு ஓடியது. பள்ளிகளில் பெற்றோர் கையெழுத்துப் போட மறுத்தார்கள். பிப்ரவரியில் முடிய வேண்டிய முகாமை மார்ச்சுக்கும் நீட்டிக்க வேண்டியதாயிற்று.

அப்போது ஊசியை ஏற்ற பெற்றோரையும் மறுத்த பெற்றோரையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு நடந்தது. பொது சுகாதார ஆய்வாளர் விஜயபிரசாத் கோபிச்சந்திரனும் சக ஆய்வாளர்களும் 2018இல் அதை வெளியிட்டார்கள். படித்தவரா, படிக்காதவரா என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. உடல்நலத் தகவலை யாரிடமிருந்து பெறுகிறோம், யாரை நம்புகிறோம், அக்கம்பக்கத்து உறவு எப்படி இருக்கிறது என்று பார்த்தார்கள். மறுக்கிற தாயை முட்டாள் என்று திட்டுவதால் ஒரு குழந்தைக்கும் ஊசி ஏறாது என்பது என் உறுதியான எண்ணம். அவள் பயத்துக்குப் பின்னால் நிஜச் சம்பவங்களும் உண்டு.

2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அதன்பின் கிராமத்துத் துணை நிலையங்களில் ஊசி போடுவதை நிறுத்தி, டாக்டர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு மாற்றினார்கள். தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, எல்லா ஊசியும் போட்ட தமிழகக் குழந்தைகள் 2005-06இல் சுமார் 81 சதவீதம், 2015-16இல் சுமார் 70. ஊசி போடும் இடம் தூரமானதற்கும் அந்தச் சரிவில் பங்குண்டு. பிறகு மெல்ல மேலேறி 2019-21இல் 89ஐத் தொட்டோம்.

சரிவை அப்படியே விட்டால் என்ன ஆகும்? சமோவா தீவைப் பாருங்கள். 2018இல் அங்கே ஊசி மருந்தைத் தவறாகக் கலந்ததில் இரண்டு குழந்தைகள் இறந்தன. ஊர் பயந்து ஊசியை விட்டது. மறு வருஷம் தட்டம்மை புகுந்தது. வெறும் இரண்டு லட்சம் பேர் உள்ள நாட்டில் 83 பேர் செத்தார்கள். பெரும்பாலும் சின்னஞ்சிறு குழந்தைகள்.

தட்டம்மைக் கிருமி, நோயாளி எழுந்து போன பிறகும் அறைக் காற்றில் இரண்டு மணி நேரம் வரை நிற்கும். நூற்றுக்கு 95 பேருக்காவது இரண்டு டோஸ் போட்டிருந்தால்தான் ஊர் தாங்கும். திருப்பூர் பனியன் கம்பெனி லைன் வீடுகளில் வேலைக்கு வந்த குடும்பங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. அந்தக் குழந்தைகளின் இரண்டாம் டோஸ் எளிதில் விட்டுப்போகும். பிளேக் மாரியம்மனுக்குக் கோயில் கட்டிய கோவைக்குத் தொற்று என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டில் அம்மை வார்த்தால் வேப்பிலை வையுங்கள், வேண்டிக்கொள்ளுங்கள். ஆனால் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

சந்தேகம் இருந்தால் புதன்கிழமை ஊசி போடும் இடத்தில் சிஸ்டர் பக்கத்தில் போய் நில்லுங்கள். மருந்துக் குப்பியில் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சதுரமும் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் மருந்து சூட்டில் கெடவில்லை. மருந்தைக் கலந்த நேரத்தைக் கேளுங்கள். கலந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆன மருந்தைப் பயன்படுத்தக்கூடாது. சிரிஞ்சு ஒரு தரம் அழுத்தியதும் பூட்டிக்கொள்ளும், மறுபடி இழுக்க வராது. "காட்டுங்க சிஸ்டர்" என்று கேட்பது உங்கள் உரிமை. ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள்.

அடுத்த அலை கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியைக் குறிவைக்கும் என்று அஞ்சுகிறேன். 14 வயதுச் சிறுமிகளுக்கு அதைப் போட 2025-26 தமிழக பட்ஜெட்டில் 36 கோடி ரூபாய் அறிவித்தார்கள். "போட்டா குழந்தை பொறக்காது" என்ற ஆடியோ வந்தால் அது பச்சைப் பொய். பார்வர்டு செய்யாதீர்கள். அனுப்பிய சித்தப்பாவுக்குப் போன் போட்டு, "இது யார் சொன்னதுங்க?" என்று கேளுங்கள். அப்படியே வீட்டிலுள்ள தாய் சேய் நல அட்டையை எடுத்துப் பாருங்கள்: தட்டம்மை-ருபெல்லா ஊசி ஒன்பது முதல் 12 மாதத்துக்குள் ஒரு டோஸ், 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று. விட்டுப்போயிருந்தால் ஐந்து வயது வரை அரசு நிலையத்தில் இலவசமாகவே போடுவார்கள். வருகிற புதன்கிழமையே கூட்டிப் போங்கள்.