அத்தையின் முகத்தில் ஓடிய கோடுகள்

அத்தையின் இரவு வகுப்பில் 11 பிள்ளைகள் இருந்தார்கள். போன பள்ளி விடுமுறையில் நான் லாயாங் லாயாங் போனபோது 7 பேர்தான் மிச்சம்.

அத்தை தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தோட்டத்தை விட்டு ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, வாரத்தில் மூன்று இரவு கணினி வழியாகத் தமிழ் வாசிக்கச் சொல்லிக்கொடுக்கிறார். கட்டணம் கிடையாது.

"டீச்சர் முகம் மினுக்கு மினுக்குன்னு இருக்காம்ப்பா. பார்த்தா கண்ணு வலிக்குதுன்னு பிள்ளைங்க சொல்லுதாம். நான் என்ன பண்றது?" என்றார்.

திரையைப் பார்த்தேன். அவர் முகத்தின் மீது கறுப்புப் பட்டைகள் மேலிருந்து கீழே மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தன. கேமரா பழசு என்று யாரோ சொல்ல, பென்ஷன் பணத்தில் புதிதாக ஒன்று வாங்கியிருந்தார். அதிலும் அதே பட்டைகள். அடுத்து கணினியையே மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். நல்லவேளை, அதற்குள் நான் போய்விட்டேன்.

மறுநாள் காலை ஜன்னலைத் திறந்து வைத்து அதே கேமராவைப் போட்டேன். படம் பளிங்கு மாதிரி இருந்தது. விளக்கைப் போட்டு ஜன்னலைச் சாத்தினேன். பட்டைகள் வந்துவிட்டன. ஆக, குற்றவாளி கேமரா மட்டும் இல்லை, தலைக்கு மேலே இருந்த பழைய டியூப் லைட்டுக்கும் இதில் பங்கு உண்டு.

வானொலியில் வேலை செய்கிறவர்களுக்கு இது பழகிய எதிரி. ஒலிக்கம்பி சரியாக இல்லையென்றால் ஒலிபெருக்கியில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் கேட்கும். அது மின்சாரத்தின் குரல். அத்தை வீட்டில் நான் கண்ணால் பார்த்ததும் அதே மின்சாரத்தைத்தான்.

நம் நாட்டில் வீட்டுக்கு வரும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னும் அலைகிறது. ஒவ்வோர் அலையிலும் விளக்கு இரண்டு முறை மங்கிப் பிரகாசிப்பதால், டியூப் லைட் விநாடிக்கு 100 முறை துடிக்கிறது. நம் கண்ணுக்கு அது தெரியாது. கேமரா அப்படியில்லை. அதன் சென்சார் படத்தை ஒரே அடியில் எடுக்காமல் வரிசை வரிசையாக மேலிருந்து கீழே வாசிக்கிறது. ஒரு வரிசை வெளிச்சம் கூடிய நேரத்தில் பதிவாகும், இன்னொன்று மங்கிய நேரத்தில். அதுதான் பட்டை.

இதைத் தவிர்க்க வழி இருக்கிறது. ஒவ்வொரு வரிசையும் வெளிச்சம் வாங்கும் நேரம், முழுத் துடிப்புகளாக இருக்க வேண்டும். ஒரு துடிப்பு 10 மில்லிவிநாடி என்பதால் 10, 20, 30 என்று வைத்தால் எல்லா வரிசைக்கும் சம பங்கு கிடைக்கும். அமெரிக்காவிலும் தைவானிலும் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அங்கே ஒரு துடிப்பு 8.3 மில்லிவிநாடிதான். அந்தக் கணக்கில் இரண்டு துடிப்புக்கு 16.7 மில்லிவிநாடி என்று வைத்த கேமரா நம் விளக்கின் கீழ் வந்தால், ஒன்றேமுக்கால் துடிப்புக்குச் சற்றுக் குறைவாக வாங்கிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். கணக்கு உதைக்கும். ஜப்பான்காரர்களுக்கு இந்தத் தொல்லை ஒரே நாட்டுக்குள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தோக்கியோ ஜெர்மன் ஜெனரேட்டரையும் ஒசாக்கா அமெரிக்க ஜெனரேட்டரையும் வாங்கியதால், இன்றும் கிழக்கே 50, மேற்கே 60.

கணினிக்கும் கேமராவுக்கும் நடுவில் இருக்கும் டிரைவர் மென்பொருளில் இதற்கென்றே ஓர் அமைப்பு உண்டு. 'பவர்லைன் ஃப்ரீக்வென்சி' என்று பெயர். ஓபிஎஸ் என்ற இலவசச் செயலியில் கேமராவைச் சேர்த்து 'கன்ஃபிகர் வீடியோ'வை அழுத்தினால் பெரும்பாலான கேமராக்களுக்கு அது தெரியும். அத்தையின் கேமராவில் 60 என்று இருந்தது. 50 ஆக்கினேன். பட்டைகள் நின்றன. அத்தை கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "இவ்வளவுதானா? நான்கு பிள்ளைங்க போயிடுச்சேப்பா" என்றார்.

கதை அங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு நாள் கழித்து அழைத்தார். பட்டைகள் திரும்பிவிட்டன. வகுப்பு முடிந்ததும் தூசி படாமல் இருக்கக் கேமராவைக் கழற்றித் துணியில் சுற்றி வைப்பது அத்தையின் பழக்கம். பல கேமராக்கள் இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்வதில்லை; கழற்றி மாட்டினால் பழைய எண்ணுக்கே போய்விடும். தயாரிப்பாளர்கள் மேல் எனக்குக் கோபமே வந்தது. உலகத்தில் பெரும்பாலான நாடுகளில் 50 ஹெர்ட்ஸ்தான். எந்த நாடு என்று ஒரு முறை கேட்டு, அதை மறக்காமல் வைத்துக்கொள்ள முடியாதா? லினக்ஸ் டிரைவரில் இந்த விஷயத்தில் அடம்பிடிக்கும் கேமராக்களுக்கென்று தனிப் பட்டியலே வைத்திருக்கிறார்கள்.

டியூப் லைட்டையும் மாற்றினோம். பழைய இரும்புச் சோக்குக்குப் பதில் எலெக்ட்ரானிக் சோக் உள்ளது. அது விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை துடிப்பதால் கேமராவுக்கு உறைக்காது. எல்.இ.டி. வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டும். மலிவான சில பல்புகள் பழைய டியூப்பைப் போலவே துடிக்கும். கடையிலேயே கைப்பேசிக் கேமராவை அருகில் பிடித்துப் பாருங்கள், பட்டை தெரிந்தால் வேண்டாம்.

போன நான்கு பேரில் இருவர் திரும்பி வந்திருக்கிறார்கள். மற்ற இருவரின் பெற்றோருக்கு அத்தை தானே அழைத்துப் பேசினார். ஒரு பிள்ளை வேறு வகுப்பில் சேர்ந்துவிட்டதாம். கேமராவைத் துணியில் சுற்றுவதை அவர் இன்னும் விடவில்லை. வகுப்புக்கு ஐந்து நிமிடம் முன்னால் எனக்கு ஒரு குரல் செய்தி வரும்: "அம்பது போட்டாச்சுப்பா."