ரயில் நின்ற பிறகு நிலம் யாருக்கு?

அன்றும் இன்றும்

கடலோர ஊரான உவரியைச் சேர்ந்த ஒருவர் ரயில் ஏற வேண்டுமென்றால் இன்று திருச்செந்தூருக்கோ நாங்குநேரி, வள்ளியூருக்கோ பஸ் பிடித்துப் போக வேண்டும். நூறு ஆண்டுகளுக்கு முன்னால் பக்கத்துத் திசையன்விளையிலேயே ரயில் வந்து நின்றது. திருச்செந்தூரில் கிளம்பி, குலசேகரன்பட்டினம், உடன்குடி வழியாகத் தேரிக்காட்டுச் செம்மணலைக் கடந்து வந்த குட்டி ரயில் அது. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்குப் பெரிய ரயில் வந்தது 1923இல். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்தக் குறும்பாதையில் வண்டி ஓடத் தொடங்கிவிட்டது.

அதை ஓடவைத்தது பனைமரம். குலசேகரன்பட்டினத்தில் பாரி கம்பெனியைச் சேர்ந்த சர்க்கரை ஆலை இருந்தது. கரும்பே விளையாத இந்த மண்ணில் கருப்பட்டியைக் காய்ச்சிச் சுத்திகரித்துச் சர்க்கரை எடுத்தார்கள். பனையேறிகள் விடியுமுன் மரமேறிப் பதனீர் இறக்க, பெண்கள் விடிலிக் குடிசையில் அடுப்பெரித்துக் கருப்பட்டி ஊற்றினார்கள். அதை ஆலைக்குச் சேர்ப்பதுதான் பெரும்பாடு. தேரி மணலில் மாட்டுவண்டிச் சக்கரம் புதையும். இதற்காகவே போட்ட இருப்புப்பாதையில் சரக்கோடு சனங்களும் ஏறினார்கள். சந்தைக்கும் கோயிலுக்கும் மாதா கோயில் திருவிழாவுக்கும் போக இந்தப் பக்கத்து மக்களுக்கு ஒரு வண்டி கிடைத்தது.

ஆலைத் தொழில் நலிந்தது. 1940இல் ரயிலும் நின்றது. அதன் பிறகு அந்தப் பாதைக்கு நேர்ந்ததுதான் நாம் கவலைப்பட வேண்டிய செய்தி. தண்டவாளம் போனது. தண்டவாளம் கிடந்த நீண்ட நிலம் ஊரோடும் சாலையோடும் உடைமரக் காட்டோடும் கலந்து தடம் தெரியாமல் போனது. இது வீட்டுக்கு, இது மரத்துக்கு, இது நடைபாதைக்கு என்று யாரும் உட்கார்ந்து முடிவெடுக்கவில்லை. ரயில் நின்றதை ஆலையின் கணக்கு தீர்மானித்தது. நிலம் கரைந்ததற்கு நம்முடைய பாராமுகமே காரணம்.

இதே போன்ற நிலத்தைச் சிங்கப்பூர் எப்படிக் காத்தது என்பதைப் பார்க்க வேண்டும். அங்கே மலாயா ரயில்வேயின் பாதை தஞ்சோங் பகார் முதல் உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர் நீண்டது. அந்த ரயில்வேயில் தண்டவாளம் போட்டவர்களில் பெரும்பகுதி நம் தமிழ்த் தொழிலாளிகள். இலங்கைத் தமிழர்கள் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் குமாஸ்தாக்களாகவும் இருந்தார்கள். குவீன்ஸ்டவுன் பகுதியில் இந்திய ரயில்வே தொழிலாளர்கள் 1932இல் குடிசையாகத் தொடங்கிய முனீஸ்வரன் கோயில் இன்று பெரிய ஆலயமாக நிற்கிறது. அருகிலுள்ள டாங்லின் ஹால்ட் குடியிருப்புப் பகுதி, ரயில் நின்று போன சிறு நிறுத்தத்தின் பெயரைத் தாங்கியிருக்கிறது.

2011 ஜூன் 30ஆம் தேதி அந்தப் பாதையில் கடைசி ரயில் ஓடியது. மறுநாளே நிலம் சிங்கப்பூர் அரசின் கைக்கு வந்தது. நில விலை வானைத் தொடும் ஊர். துண்டு துண்டாக விற்றிருந்தால் கேட்பாரில்லை. ஆனால் நிலம் கைமாறுவதற்கு முன்பே, 2010இல், அங்குள்ள இயற்கை ஆர்வலர் சங்கம் பாதை முழுவதையும் பசுமைவழியாக விட்டுவைக்கும்படி ஒரு திட்டத்தை அரசிடம் கொடுத்தது. மக்களும் அதன் பின்னால் நின்றார்கள். இன்று அங்கே மக்கள் நடக்கிறார்கள், சைக்கிள் ஓட்டுகிறார்கள். பழைய இரும்புப் பாலங்கள் நிற்கின்றன. புக்கிட் தீமா ஸ்டேஷன் பொலிவு பெற்றிருக்கிறது.

பாரிஸ் நகரம் வீட்டுக்கும் வழி காட்டியிருக்கிறது. கிளிஷி-பாத்தின்யோல் என்ற இடத்தில் ரயில்வேயின் சரக்கு நிலம் உட்பட 54 ஹெக்டேரை எடுத்துக்கொண்டார்கள். நடுவில் 10 ஹெக்டேரில் மார்ட்டின் லூதர் கிங் பெயரில் பூங்கா. சுற்றிலும் சுமார் 3,400 வீடுகள். அவற்றில் பாதி வருமானம் குறைந்தவர்களுக்கான வாடகை வீடுகள். இந்தப் பாதிப் பங்கைத் திட்டத்திலேயே எழுதிவைத்ததுதான் முக்கியம். நியூயார்க்கில் 1980இல் ரயில் நின்ற உயர்பாதை 2009 முதல் ஹை லைன் பூங்காவானது. அழகான பூங்காதான். ஆனால் அது வந்த பிறகு சுற்றுவட்டார வீட்டு விலையும் வாடகையும் ஏறிப்போயின. மரம் நட்டால் போதாது, அந்த நிழலில் யார் குடியிருப்பது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும்.

நம் நாட்டில் ரயில்வேயின் உபரி நிலத்துக்கென்று ரயில் நில மேம்பாட்டு ஆணையம் இருக்கிறது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டு வருமானம் ஈட்டுவதே அதன் முக்கிய வேலை. வருமானம் வேண்டியதுதான். ஆனால் வீடில்லாதவர் பங்கும் மரத்தின் பங்கும் அந்தக் கணக்கில் தாமாக வந்து சேரா. ஊர்க்காரர்கள் கேட்டால்தான் வரும்.

இப்போது கேட்க வேண்டிய காலம். குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். இரண்டாயிரம் ஏக்கருக்கு மேல் அதற்கு எடுத்திருக்கிறார்கள். சாலை அகலமாகும், மனை விலை ஏறும். அவ்வூர் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு லட்சக்கணக்கில் வரும் கூட்டம் இன்றும் சாலையை நம்பியே வருகிறது. திருச்செந்தூரிலிருந்து கன்னியாகுமரிக்குக் கடற்கரை வழியாக ரயில் வேண்டும் என்ற கோரிக்கையோ பழையது. கடலுக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் இடையில் நெருக்கமாக வாழும் மீனவக் குடும்பங்களுக்கு வீடு கட்ட இடம் வேண்டும். கடலோரத்தில் கட்டுவதற்குக் கட்டுப்பாடுகள் இருப்பதால் அந்த இடம் உள்ளே தள்ளித்தான் கிடைக்கும்.

பனையும் நம்மிடம் இன்னும் இருக்கிறது. உடன்குடிக் கருப்பட்டி புவிசார் குறியீடு பெற்றுவிட்டது. தமிழக அரசு 2021இல் போட்ட முதல் வேளாண் பட்ஜெட்டில் 76 லட்சம் பனை விதைகள் தருவதாக அறிவித்தது. பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்றும் சொன்னது. அந்த விதைகளை வரிசையாக ஊன்ற, ஒரு காலத்தில் பனைக்காகவே போட்ட பாதையை விடப் பொருத்தமான இடம் எது?

திருச்செந்தூர் முதல் திசையன்விளை வரையுள்ள பஞ்சாயத்துகளுக்கும் பேரூராட்சிகளுக்கும் என் வேண்டுகோள் இது. வருவாய்த் துறையின் பழைய புலப்படங்களையும் அ-பதிவேட்டையும் எடுங்கள். பழைய ரயில் தடத்தில் எங்கெல்லாம் புறம்போக்கு மிச்சம் இருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். ஏற்கெனவே குடியிருக்கும் ஏழைகளுக்குப் பட்டா கேளுங்கள். காலியாக இருப்பதில் ஒரு பங்கை வீடில்லாதவர்களுக்கும் ஒரு பங்கைப் பனைக்கும் நடைபாதைக்கும் ஒதுக்குங்கள். கடற்கரை ரயில் வரும் நாளில் அதற்கு வேண்டிய நிலத்தையும் இப்போதே குறித்துவையுங்கள். பஞ்சாயத்துகளில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். 1940இல் கேட்க ஆளில்லாமல் போனது. இந்தமுறை நாம் இருக்கிறோம்.