மேசைக் கணினியில் இணைய உலாவியின் இடைமுகத்தை மதிப்பிடுதல்: மேக் இயங்குதளத்தில் சஃபாரி

இணைய உலாவியின் இடைமுகம் என்பது, பக்கத்தின் உள்ளடக்கத்தைத் தவிர்த்து, பயனர் கண்ணால் பார்த்துக் கையால் இயக்கும் மற்ற எல்லாப் பகுதிகளையும் குறிக்கும். முகவரிப் பட்டை, தாவல்கள், முன்-பின் செல்லும் பொத்தான்கள், பட்டியல்கள், அமைப்புகள், குறுக்கு விசைகள் ஆகியவை இதில் அடங்கும். ஓர் உலாவி பக்கத்தை எவ்வளவு வேகமாகத் திறக்கிறது என்பதை எண்ணால் அளந்துவிடலாம். ஆனால் அதன் இடைமுகம் நன்றாக உள்ளதா என்ற கேள்விக்குப் பலரும் விருப்பு வெறுப்பின் அடிப்படையிலேயே விடை கூறுகின்றனர். இதற்கும் சில தெளிவான அளவுகோல்கள் உண்டு. ஆப்பிள் நிறுவனத்தின் சஃபாரி உலாவியை எடுத்துக்காட்டாகக் கொண்டு அவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

சஃபாரி: சுருக்கமான பின்னணி

2003 ஜனவரி 7 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடந்த மேக்வேர்ல்ட் நிகழ்ச்சியில் ஸ்டீவ் ஜாப்ஸ் சஃபாரியை அறிமுகம் செய்தார். அதுவரை மேக் கணினிகளில் மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரே இயல்பு உலாவியாக இருந்தது. சஃபாரியின் முதல் சோதனைப் பதிப்பில் தாவல்கள் இல்லை. அதே ஆண்டு ஏப்ரலில் வந்த இரண்டாவது சோதனைப் பதிப்பில்தான் அவை சேர்க்கப்பட்டன. தொடக்கத்தில் சாளரம் முழுவதும் தேய்த்த உலோகம் போன்ற தோற்றம் கொண்டிருந்தது. 2007 இல் வந்த லெப்பர்டு இயங்குதளத்தில் அது எளிய சாம்பல் நிறத்துக்கு மாறியது.

இந்த 20 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாற்றில் சஃபாரியின் தாவல் அமைப்பு இரு முறை பெரிய அளவில் மாற்றிப் பார்க்கப்பட்டு, இரு முறையும் திரும்பப் பெறப்பட்டது. அதனால் இடைமுக மதிப்பீட்டைப் படிக்க விரும்பும் மாணவர்களுக்கு இது நல்ல பாடமாக அமைகிறது.

முதல் அளவுகோல்: நிலை தெரிய வேண்டும்

ஜேக்கப் நீல்சன் 1994 இல் தொகுத்த 10 பயன்பாட்டு விதிகளில் முதலாவது, கணினி இப்போது என்ன நிலையில் உள்ளது என்பது பயனருக்கு எப்போதும் தெரிய வேண்டும் என்பதாகும். உலாவியில் இது மூன்று கேள்விகளாகப் பிரியும். எந்தத் தாவல் இப்போது திறந்திருக்கிறது? அதில் உள்ள தளம் எது? பக்கம் முழுமையாக வந்துவிட்டதா, இன்னும் வந்துகொண்டிருக்கிறதா?

தாவல்களின் எண்ணிக்கை கூடும்போது ஒவ்வொன்றின் அகலமும் சுருங்கி, தலைப்பு எழுத்துகள் மறைந்துவிடும். அப்போது தளத்தின் சிறு படவுரு ஒன்றே அடையாளமாக எஞ்சும். சஃபாரியின் தாவல்களில் இந்தப் படவுருக்கள் நெடுங்காலம் இல்லை. 2018 இல் வந்த 12 ஆம் பதிப்பில் பயனர் விரும்பினால் இயக்கிக்கொள்ளும் வசதியாகச் சேர்க்கப்பட்டு, 2020 இல் வந்த 14 ஆம் பதிப்பில் இயல்பாகவே காட்டப்பட்டன. பார்வைக்குத் தூய்மையாக இருப்பது வேறு, தேடியது உடனே கிடைப்பது வேறு என்பதற்கு இது சான்று.

இரண்டாம் அளவுகோல்: தொலைவும் அளவும்

பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் 1954 இல் வெளியிட்ட விதி, ஓர் இலக்கைச் சுட்டித் தொட எடுக்கும் நேரம் இலக்கின் தொலைவையும் அகலத்தையும் பொறுத்தது என்கிறது. தொலைவு கூடினால் நேரம் கூடும். இலக்கு பெரிதானால் நேரம் குறையும். திரையின் விளிம்பை ஒட்டிய இலக்கு மிக எளிதானது. மவுஸை எவ்வளவு வேகமாகத் தள்ளினாலும் சுட்டி விளிம்பைத் தாண்டிச் செல்லாது. எனவே அங்கே குறி தவறுவது அரிது.

இந்த விதி இயங்குதளத்துக்கு ஏற்ப வேறு வேறு விடை தரும். 2008 செப்டம்பரில் விண்டோசுக்கு வெளிவந்த கூகுள் குரோம், தாவல்களைச் சாளரத்தின் உச்சியில் வைத்தது. சாளரத்தைத் திரை முழுவதும் விரித்தால் தாவல்கள் திரையின் மேல் விளிம்பைத் தொடும். ஆகவே அவற்றைச் சொடுக்குவது எளிதாயிற்று. மேக் கணினியில் மேல் விளிம்பு ஏற்கெனவே பட்டியல் பட்டைக்குச் சொந்தம். தாவலை எவ்வளவு உயர்த்தினாலும் அது பட்டியல் பட்டைக்குக் கீழேதான் நிற்கும். ஒரே வடிவமைப்பு, ஓர் இயங்குதளத்தில் தரும் பயனை மற்றொன்றில் தருவதில்லை.

மூன்றாம் அளவுகோல்: இயங்குதளத்தின் வழக்கம்

ஒரு கணினியில் பல செயலிகள் இருக்கும். ஒன்றில் கற்ற பழக்கம் மற்றொன்றிலும் செல்லுபடியாக வேண்டும். மேக்கில் சாளரத்தை மூடும் பொத்தான் இடப்பக்கம் உள்ளது. சஃபாரித் தாவலின் மூடும் குறியும் இடப்பக்கமே வருகிறது. அமைப்புகளைத் திறக்கக் கமாண்ட் விசையுடன் காற்புள்ளியை அழுத்துவது மேக் செயலிகளின் பொது வழக்கம்; சஃபாரியும் அதைப் பின்பற்றுகிறது.

இந்த அளவுகோலை மீறினால் என்ன ஆகும் என்பதையும் சஃபாரியே காட்டியது. 2007 ஜூனில் விண்டோசுக்கான சஃபாரி அறிவிக்கப்பட்டது. அதன் சாளரம் மேக் தோற்றத்திலேயே இருந்தது. எழுத்துகள் மேக் முறையில் தடித்து வரையப்பட்டன. விண்டோசில் எந்த ஓரத்தைப் பிடித்தும் சாளரத்தின் அளவை மாற்றலாம். ஆனால் இதில் வலது கீழ் மூலையை மட்டுமே பிடிக்க முடிந்தது. மேக் பயனருக்கு அன்று இயல்பாக இருந்தது விண்டோஸ் பயனருக்குக் குறையாகத் தெரிந்தது. 4 ஆம் பதிப்பில் விண்டோசின் இயல்புத் தோற்றம் கொண்டுவரப்பட்டது. 2012 க்குப் பின் விண்டோசுக்குப் புதிய பதிப்பு வரவில்லை.

நான்காம் அளவுகோல்: இடத்தைச் சேமிப்பதன் விலை

மடிக்கணினித் திரை அகலத்தில் பெரிது, உயரத்தில் சிறிது. எனவே மேலே உள்ள பட்டைகளைக் குறைத்துப் பக்கத்துக்கு அதிக இடம் தர வேண்டும் என்று வடிவமைப்பாளர்கள் எண்ணுவது இயல்பு. சஃபாரியின் இரு பெரிய மாற்றங்களும் இந்த எண்ணத்தை ஒட்டியே அமைந்தன.

2009 பிப்ரவரியில் வந்த சஃபாரி 4 சோதனைப் பதிப்பு, தாவல்களைச் சாளரத்தின் தலைப்புப் பட்டைக்குள்ளேயே வைத்தது. ஒரு வரிசை மிச்சமாயிற்று. ஆனால் தலைப்புப் பட்டை என்பது சாளரத்தைப் பிடித்து நகர்த்தும் இடம். இப்போது அதே இடத்தில் தாவலும் இருந்ததால், பிடித்து இழுத்தால் நகர்வது சாளரமா தாவலா என்ற குழப்பம் எழுந்தது. இதைத் தீர்க்க ஒவ்வொரு தாவலின் மூலையிலும் ஒரு சிறு பிடி வைக்கப்பட்டது. அது சிறிய இலக்கு. ஃபிட்ஸ் விதிப்படி கடினமானது. ஜூன் மாதம் இறுதிப் பதிப்பு வெளிவந்தபோது தாவல்கள் பழைய இடத்துக்கே திரும்பின.

2021 ஜூனில் அறிமுகமான சஃபாரி 15 இன் சோதனைப் பதிப்பு இன்னும் ஒரு படி மேலே சென்றது. தனி முகவரிப் பட்டையே நீக்கப்பட்டு, திறந்திருக்கும் தாவலே முகவரிப் பெட்டியாக மாறியது. புதுப்பித்தல் போன்ற பொத்தான்கள் மூன்று புள்ளிகள் கொண்ட பட்டியலுக்குள் சென்றன. மேல்பகுதி, பக்கத்தின் நிறத்தையே தானும் ஏற்றது.

இங்கே எழுந்த சிக்கலைப் புரிந்துகொள்ள ஒரு கணக்கு உதவும். 900 புள்ளி உயரமுள்ள திரையில் ஒரு தாவல் வரிசைக்கு 30 புள்ளி ஆகும் என்று கொள்வோம். அதை நீக்கினால் கிடைப்பது திரையில் 30 இல் ஒரு பங்கு. இதற்கு ஈடாகப் பயனர் இழந்தது முகவரிப் பெட்டியின் நிலையான இடம். முதல் தாவலில் இருக்கும்போது பெட்டி இடப்பக்கம். ஆறாவது தாவலுக்குச் சென்றால் அது வலப்பக்கம். வீட்டில் தண்ணீர்க் குடம் ஒவ்வொரு வேளையும் ஒவ்வொரு மூலையில் இருந்தால், குடிக்கும் முன் ஒவ்வொரு முறையும் தேட வேண்டியிருக்கும். கை பழகிய இடத்துக்குக் கண்ணின் உதவி தேவையில்லை. இடம் மாறினால் கண் மீண்டும் உழைக்க வேண்டும்.

பயனர்களின் எதிர்ப்பு வலுத்தது. ஜூலையில் வந்த திருத்திய சோதனைப் பதிப்பில் தனித் தாவல் பட்டை திரும்பியது. செப்டம்பரில் வெளியான இறுதிப் பதிப்பில் தனிப் பட்டையே இயல்பாக அமைந்தது. சுருக்க அமைப்பு விரும்புவோர் தேர்ந்துகொள்ளும் ஒன்றாக இருந்தது. ஆயினும் புதிய தாவல்கள் பொத்தான்களைப் போல் தோன்றின. நிறத்தில் சிறு வேறுபாடே இருந்ததால், இரண்டே தாவல்கள் உள்ளபோது எது திறந்திருக்கிறது என்று கண்டறிவது கடினமாக இருந்தது. அக்டோபரில் வந்த 15.1 பதிப்பில் பழைய தாவல் வடிவம் மீண்டது.

ஐந்தாம் அளவுகோல்: முகவரியும் நம்பிக்கையும்

முகவரிப் பட்டை ஒரு பாதுகாப்புக் கருவியும் ஆகும். பக்கத்துக்குள் வரும் படம், எழுத்து, இலச்சினை எல்லாவற்றையும் மோசடிக்காரர் போலியாக அமைக்கலாம். முகவரியை உலாவிதான் காட்டுகிறது. பக்கம் அதை மாற்ற முடியாது. ஆகவே பணப் பரிமாற்றத்துக்கு முன் பயனர் நம்பிப் பார்க்கத் தகுந்த இடம் அதுவே.

2014 இல் வந்த சஃபாரி 8 முதல், மேக்கில் முழு முகவரிக்குப் பதிலாகத் தளப் பெயர் மட்டுமே இயல்பாகக் காட்டப்படுகிறது. இதில் நன்மை உண்டு. நீண்ட முகவரியில் எங்கோ ஒரு வங்கியின் பெயரைச் செருகி ஏமாற்ற முயன்றால், உண்மையான தளப் பெயர் தனியே தெரிந்துவிடும். குறையும் உண்டு. ஒரு தளத்துக்குள் எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்பது தெரியாது. பெட்டியைச் சொடுக்கினால் முழு முகவரி வரும். எப்போதும் காட்டும்படி செய்யும் தெரிவும் அமைப்புகளின் மேம்பட்ட பகுதியில் உள்ளது. குரோமும் 2020 இல் இதே முறையைச் சோதித்துப் பார்த்து, 2021 இல் கைவிட்டது.

பூட்டுக் குறியைப் பலர் தளம் நேர்மையானது என்பதற்கான சான்றாகக் கருதுகின்றனர். அது உண்மையில் இணைப்பு மறையாக்கம் செய்யப்பட்டது என்பதை மட்டுமே சொல்கிறது. மோசடித் தளமும் அதைப் பெறலாம். இந்தத் தவறான புரிதலைக் குறைக்கவே 2023 இல் குரோம் பூட்டுக் குறியை நீக்கி வேறொரு குறியை வைத்தது.

பிற எழுத்துகளில் அமைந்த தளப் பெயர்களிலும் இத்தகைய சிக்கல் உண்டு. சிரிலிக் எழுத்துகள் சில இலத்தீன் எழுத்துகளை அப்படியே ஒத்திருப்பதால் புகழ்பெற்ற பெயர்களைப் போலியாக எழுத முடியும். சஃபாரியின் அடிப்படையான வெப்கிட், எந்தெந்த எழுத்துமுறைகளை முகவரியில் அப்படியே காட்டலாம் என்று ஒரு பட்டியல் வைத்துள்ளது. அதில் தமிழ், தேவநாகரி, குஜராத்தி, குர்முகி ஆகியவை உள்ளன. குழப்பம் தரக்கூடிய சிரிலிக், கிரேக்க எழுத்துகள் பொதுவாக அனுமதிக்கப்படுவதில்லை. எனவே தமிழில் அமைந்த தளப் பெயரை வாசகர் தமிழிலேயே காண முடிகிறது.

முகவரியைப் படி எடுக்கும்போது நிலைமை வேறு. தளப் பெயருக்குப் பின் வரும் பகுதியில் உள்ள ஒவ்வொரு தமிழ்க் குறியும் யுனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட்டுகள் ஆகும். அவை விழுக்காட்டுக் குறியுடன் எழுதப்படும்போது 9 குறிகளாக நீளும். "தமிழ்" என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறிகள் இருப்பதால், அது 45 குறிகள் கொண்ட புரியாத தொடராக ஒட்டப்படும். தமிழ் வாசகர் ஓர் உலாவியை மதிப்பிடும்போது இதையும் சோதித்துப் பார்ப்பது தகும்.

ஆறாம் அளவுகோல்: அணுகல்தன்மை

மவுஸைப் பயன்படுத்த இயலாதவர், பார்வைக் குறைவு உள்ளவர் ஆகியோருக்கும் உலாவி இயங்க வேண்டும். மேக்கில் திரையை வாசித்துச் சொல்லும் வாய்ஸ்ஓவர், மாறுபாட்டைக் கூட்டுதல், ஒளி ஊடுருவும் தன்மையைக் குறைத்தல் ஆகிய வசதிகள் இயங்குதளத்திலேயே உள்ளன. உலாவி அவற்றை மதிக்கிறதா என்று பார்க்க வேண்டும். சஃபாரியில் டேப் விசையை அழுத்தினால் இயல்பாகப் பக்கத்தின் எல்லா இணைப்புகளுக்கும் செல்லாது. அதற்கு ஆப்ஷன் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும், அல்லது அமைப்புகளில் தெரிவை மாற்ற வேண்டும். விசைப்பலகையை மட்டுமே நம்பியிருப்பவருக்கு இது பெரிய வேறுபாடு.

மதிப்பிடும் முறை

மாணவர்கள் தங்கள் கணினியிலேயே கீழ்க்காணும் சோதனைகளைச் செய்து பார்க்கலாம்.

1. 15 தாவல்களைத் திறந்து, குறிப்பிட்ட ஒன்றைக் கண்டுபிடிக்க ஆகும் நேரத்தைக் குறித்தல்.
2. தவறி மூடிய தாவலை மீட்டெடுக்கும் வழியை யாரிடமும் கேட்காமல் கண்டறிதல். சஃபாரியில் கமாண்ட், ஷிஃப்ட், டி ஆகிய விசைகள் இதைச் செய்யும். வழியைப் பட்டியல் பட்டையிலேயே காண முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.
3. சாளரத்தைப் பாதி அகலத்துக்குக் குறைத்து, எந்தப் பொத்தான்கள் மறைகின்றன என்று கவனித்தல்.
4. மவுஸைத் தொடாமல் ஒரு தளத்துக்குச் சென்று, ஓர் இணைப்பைத் திறந்து, திரும்பி வருதல்.
5. உலாவியை முதன்முறை பார்க்கும் ஒருவரிடம் இதே வேலைகளைக் கொடுத்து, அவர் தயங்கும் இடங்களைக் குறித்தல்.

ஐந்தாவது சோதனை மிகவும் பயன் தரும். பழகிய உலாவி எப்போதும் எளிதாகவே தோன்றும். புதியது சில நாள் தடுமாற்றம் தரும். அந்தத் தடுமாற்றம் ஒரு வாரத்தில் மறைந்தால் அது பழக்கக் குறைவு. இரண்டு வாரம் கழித்தும் அதே இடத்தில் கை தவறினால் அது வடிவமைப்பின் குறை. மதிப்பீட்டை எழுதும்போது உலாவியின் பதிப்பு எண், இயங்குதளம், திரையின் அளவு ஆகிய மூன்றையும் குறிப்பிட வேண்டும். 2021 ஜூனில் சஃபாரியைப் பற்றி எழுதிய ஒரு மதிப்பீடு, அதே ஆண்டு அக்டோபரில் இருந்த சஃபாரிக்குப் பொருந்தாது.