கடல் மீன் தொட்டிக்கு எந்தப் பம்பு?

மளிகை, பேன்சி சரக்குகளோடு மீன் தொட்டிச் சாமான்களையும் வைத்து விற்கும் கடைகள் நம் பகுதியிலும் பெருகி வருகின்றன. நன்னீர் மீனுக்குச் சிறிய காற்று மோட்டார் ஒன்று போதும். கடல் மீன் தொட்டிக்கு அது போதாது. விவரம் தெரியாமல் விற்றால் வாடிக்கையாளருக்கு மீன் நஷ்டம். நமக்கு வாடிக்கையாளரே நஷ்டம். எனவே சில அடிப்படைகளை வணிக அன்பர்கள் அறிந்துகொள்வது நல்லது.

பவளப்பாறையைச் சுற்றிக் கடல் நீர் ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கும். அங்குள்ள உயிர்களுக்கு ஆக்ஸிஜனையும் இரையையும் கொண்டு வருவதும், கழிவை அகற்றுவதும் அந்த அசைவுதான். வீட்டுத் தொட்டியில் அந்த வேலையைப் பம்பு செய்ய வேண்டும்.

முதலில் அளவு. 4 அடி நீளம், 1½ அடி அகலம், 1½ அடி உயரமுள்ள தொட்டி 9 கன அடி. சுமார் 255 லிட்டர். மீன் மட்டும் வளர்த்தால் மணிக்கு 10 மடங்கு, பாறைச் சூழல் அமைத்தால் 20 மடங்கு சுழற்சி என்பது பொதுவான கணக்கு. அதாவது இத்தொட்டிக்கு மணிக்கு சுமார் 5,000 லிட்டர். இதை ஒரே பம்பில் கொடுப்பதைவிட 2,500 லிட்டர் பம்பு இரண்டை எதிரெதிர்ப் பக்கம் பொருத்துவது மேல். நீர் தேங்கும் மூலை இருக்காது. ஒன்று பழுதானாலும் மற்றொன்று ஓடும்.

அடுத்தது ஹெட். கிணற்று மோட்டார் வாங்கும் விவசாயி முதலில் கேட்பது இதைத்தான். கீழ்த் தொட்டியிலிருந்து மேலே நீரை ஏற்றும் பம்புக்கும் இதே விதிதான். அட்டையில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு உயரமே இல்லாத நிலையில் கிடைப்பது. 4 அடி ஏற்றினால் கணிசமாகக் குறையும். ஹெட் அட்டவணை இல்லாத சரக்கைக் கொள்முதல் செய்யாதீர்கள்.

மூன்றாவது வாட்ஸ். பம்பு 24 மணி நேரமும் ஓடும். 10 வாட்ஸ் பம்பு இரண்டுக்கு இரண்டு மாதத்தில் ஏறக்குறைய 29 யூனிட். 40 வாட்ஸ் பம்பு இரண்டுக்கு 115 யூனிட். செலவு மட்டுமல்ல, நீரில் மூழ்கிய பம்பின் வெப்பமும் நீரிலேயே சேரும். தொப்பம்பட்டிக் கோடையில் இது பெரிய விஷயம். இத்தொட்டிகளுக்கு ஏற்றது 25 முதல் 27 டிகிரி. 30-ஐத் தாண்டினால் ஆபத்து.

நான்காவது உலோகம். உப்பு நீரில் சாதாரண இரும்பு துருப்பிடிக்கும். செம்பு, பித்தளை கசிந்தால் முதுகெலும்பற்ற கடல் உயிர்களுக்கு விஷம். எனவே வீட்டுக் குழாய் மோட்டாரை இதற்குத் தரக் கூடாது. பீங்கான் அச்சு உள்ள, கடல் நீருக்கென்று குறிப்பிட்ட பம்பையே தர வேண்டும். சுண்ணாம்பு படிந்தால் வினிகர் கலந்த நீரில் ஊற வைத்துக் கழுவலாம். வினிகர் நம் கடையிலேயே இருக்கிறது. ஆனால் கடல் நீர் தயாரிக்க நம் கடைக் கல் உப்பு உதவாது. மக்னீசியம், கால்சியம் முதலியன உரிய அளவில் கலந்த தனி உப்பு வேண்டும்.

மின்தடை வந்தால் சில மணி நேரத்தில் மீன்கள் மூச்சுத் திணறும். பேட்டரி காற்று மோட்டார் ஒன்றையும் சேர்த்து விற்பது வாடிக்கையாளருக்கும் நன்மை, நமக்கும் வியாபாரம். எர்த், ஆர்.சி.சி.பி. இல்லாத இணைப்பில் மாட்ட வேண்டாம் என்றும், பம்பை அணைத்த பிறகே நீரில் கை வைக்க வேண்டும் என்றும் சொல்லிக் கொடுங்கள்.

கடைசியாக ஒரு முக்கிய எச்சரிக்கை. தொட்டி அலங்காரத்துக்கு என்று யாரேனும் பவளம் கொண்டு வந்து விலை பேசினால் வாங்காதீர்கள். கல் பவளங்களும் கடல் விசிறிகளும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2001 முதல் இடம் பெற்றவை. உயிருள்ளதோ காய்ந்ததோ, விற்பது குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. செயற்கைப் பாறையும், பண்ணையில் பொரித்து வளர்த்த கோமாளி மீனும் போதும். அம்மீனைப் பொரிக்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் மண்டபத்தில் செய்து காட்டியுள்ளது.

பம்பு விற்கும்போது தொட்டியின் நீள, அகல, உயரத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உதிரி இம்பெல்லர் இரண்டு இருப்பில் வையுங்கள். அளவு கேட்டுச் சரக்குத் தரும் கடையை வாடிக்கையாளர் மறப்பதில்லை.